இறக்காமல் விட்ட மேளம்

தாண்டவராயன் கரடிக்குப் பயந்ததே இல்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அவன் கரடிக்கும் பயப்படுவான். கரடியைப் பார்த்தேன் என்று சொல்பவனுக்கும் பயப்படுவான். இடி, பாரஸ்டுகாரரின் தொப்பி, ரப்பர் முத்திரை குத்திய காகிதம், வாணியம்பாடிச் சந்தையில் தராசு பிடிப்பவரின் செருமல் என்று நாற்பது வயதுக்குள் அவன் சேர்த்துவைத்திருந்த பயங்கள், ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் நாட்டில் அவன் பங்குக்கு வந்த சாமைக் கொல்லையைவிடப் பெரிய சொத்து. எல்லாவற்றிலும் மூத்தது மாமியார் பெரியம்மாள்.

மேளத்தை இடுப்பில் கட்டிவிட்டால் மட்டும் ஆள் வேறு. பதினேழு வீடுகள் உள்ள அந்த ஊரில் நல்லதும் கெட்டதும் அவன் கை விழாமல் நடக்காது. அவனுக்குத் தெரிந்தவை நாலே அடிகள்: சாமி அடி, கல்யாண அடி, அறுப்பு அடி, சாவு அடி. முதல் மூன்றையும் நினைத்தபோது தொடங்கலாம், கை வலித்தால் நிறுத்தலாம். நாலாவது அப்படியல்ல. பிணம் விழுந்த பிறகுதான் அதை ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால், குழியில் மண் தள்ளி, அந்த மண்ணை மிதித்து நின்று ஏழு அடி அடித்து இறக்கியே ஆக வேண்டும். செத்தது ஆண் என்றால் மும்மூன்றாக விழும், பெண் என்றால் இரண்டிரண்டாக. குழந்தைக்கு மேளமே கிடையாது. ஏற்றிய அடியை இறக்காமல் விட்டால் அது உயிர் தேடிக் கிளம்பும். அடித்தவன் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டும்.

இதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டால் ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். இதுவரை யாரும் இறக்காமல் விட்டதில்லை என்பதுதான் சாட்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம், மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மலைக்கு வந்துபோகும் தேவராஜ் என்ற சர்க்கார் விரிவாக்க அலுவலர் காகிதம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மெட்ராஸில் நாதரசிக சபை என்று ஒன்று ஆண்டுதோறும் இருபது நாள் சங்கீத விழா நடத்தும். அந்தச் சபைக்காரர்களுக்குச் சாமானிய ஜனங்கள் ஞாபகமே இல்லை என்று ஏதோ ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, கேன்டீனில் கூட்டம் நெரியும் வேளையில், ‘மண்ணின் இசை’க்கு இருபது நிமிஷம் ஒதுக்கிவிட்டார்கள். மண்ணைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பு தேவராஜ் தலையில் விழுந்தது.

“தாண்டவராயா, பட்டணத்துல கச்சேரி. நீ வந்து மேளம் அடிக்கணும்.”

“யார் வூட்டுக் கல்யாணங்க?”

“கல்யாணம் இல்லய்யா.”

“சாமி பொறப்பாடுங்களா?”

“அதுவும் இல்ல.”

“அறுப்புங்களா?”

“மெட்ராஸ்ல இன்னாய்யா அறுப்பு?”

தாண்டவராயன் விரல் விட்டு எண்ணினான். மிச்சம் இருப்பது ஒன்றுதான். “அப்போ... யாருங்க செத்துட்டாங்க?”

“யாரும் சாகல. சும்மா உக்காந்து கேப்பாங்க.”

ஒரு காரணமும் இல்லாமல் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து மேளம் கேட்கிறார்கள் என்பதுதான் அவனை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கலக்கியது. ஆனால் காகிதத்தில் முத்திரை இருந்தது. போகமாட்டேன் என்று சொல்லவும் பயம், போகவும் பயம். முத்திரைப் பயம் ஒரு பிடி அதிகமாக இருந்ததால் போக ஒப்புக்கொண்டான்.

மலையை விட்டு இறங்குகிறவன், திரும்ப எத்தனை நாள் ஆகும் என்று ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பொழுது சாயச் சாய வீட்டுக்காரி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பாள். கடைசி முடிச்சு அவிழ்ந்த பின்னும் ஆள் வரவில்லை என்றால் மறுநாள் ஊர் கூடும். முன்பு தோட்டவேலைக்கு இறங்கிய இரண்டு பேர் விஷயத்தில் அப்படிக் கூடி, செத்தார்கள் என்று தீர்த்து, கருமாதியும் செய்தார்கள். இருவரும் அப்புறம் வரவே இல்லை. ஆகவே கயிறு பொய் சொல்லாது என்று ஊருக்கு உறுதியாகிவிட்டது.

சனி, ஞாயிறு, திங்கள் என்று தாண்டவராயன் மூன்று முடிச்சுப் போட்டான்.

“நாலா போட்டுட்டுப் போயேன், தூரத்து ஊரு” என்றாள் மனைவி பாஞ்சாலி, இரண்டு வயது மகள் பூங்கோதையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

பெரியம்மாள் அடுப்பங்கரையிலிருந்தே குரல் கொடுத்தாள். “மூணு நாள் வேலைக்கு நாலு முடிச்சு எதுக்குடி? ஊர் மேய்றதுக்கா?”

மூன்றே இருக்கட்டும் என்று ஆகிவிட்டது.

தேவராஜ் முன்வரிசையில் உட்கார வேண்டியவர் என்பதால் முதல் நாளே போய்விட்டார். தாண்டவராயனைக் கூட்டிப்போகும் வேலை கலீலுக்கு வந்தது. கலீல் வாணியம்பாடிக்காரர். மலைக்கு வந்து கடுக்காயும் புளியும் எடுப்பார், தோல் வியாபாரத்துக்காக மாதம் ஒருமுறை பட்டணம் போவார். ஆலங்காயம் வரை நடை, அங்கிருந்து பஸ், வாணியம்பாடியில் ரயில். ரயில் கிளம்பியதும் தாண்டவராயன் மேளத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடினான்.

“கண்ணைத் தொறப்பா. ஊருங்க ஓடுது பாரு.”

“அதுக்குத்தான் மூடிக்கினேன் பாய்.”

சபை மண்டபத்தில் அவன் முதலில் கவனித்தது தலைக்கு மேல் சுற்றிய இரும்பு இறக்கைகளை. அவை விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்து வைத்துக்கொண்டான். அவனுக்கு முன்னால் ஒரு வித்துவான் பாடிக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் தொடையில் அடித்துக்கொண்டார்கள், உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள், வேண்டாம் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்கள். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை.

“பாய், இவங்களுக்கு இன்னா நோவு?”

“நோவு இல்ல. ரசிக்கிறாங்க.”

திரை விலகியது. எதிரே கருநாகம் படம் எடுத்ததுபோல ஒரு மைக். தாண்டவராயன் கண்ணை மேளத்தில் வைத்துச் சாமி அடியை எடுத்தான்.

மலையில் சாமி அடி அரைநாள் போகும். ஊர்வலம் கோயிலைச் சேரும்வரை அடிக்க வேண்டும், சேர்ந்ததும் நிறுத்த வேண்டும். இங்கே எதிரில் இருந்தவர்கள் யாரும் எழுந்து நடக்கவில்லை. நடக்காத ஊர்வலத்துக்கு எவ்வளவு நேரம் அடிப்பது? மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டான். கல்யாண அடிக்கு மாப்பிள்ளை வரவில்லை; அதற்கும் மூன்று நிமிஷம். அறுப்பு அடிக்கு அரிவாள் பிடித்தவர் யாருமில்லை. ஆக ஒன்பது நிமிஷத்தில் வந்த வேலை முடிந்துபோயிற்று.

அப்போது கை தட்டினார்கள்.

மலையில் கை தட்டுவது ஒரே காரியத்துக்குத்தான். சாமைக் கொல்லையில் பன்றி இறங்கினால் நாலு பேராகச் சேர்ந்து தட்டி விரட்டுவார்கள். இங்கே முந்நூறு பேர் தட்டினார்கள். தாண்டவராயன் மேளத்தோடு எழுந்து, ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த பக்கமாக ஓடினான்.

திரை மறைவில் சபையின் செயலாளர் குறுக்கே நின்றார். “எங்கே போறேள்? விழாவுக்கு வர்ற பிரமுகரோட கார் இன்னும் வரலை. பதினோரு நிமிஷம் பாக்கி இருக்கு. அடுத்ததை வாசியுங்கோ!”

“மூணும் ஆச்சுங்க சாமி.”

“நாலாவது?”

“அது... வாணாங்க.”

“இருக்கா, இல்லையா?”

பொய் சொல்லவும் அவனுக்குப் பயம். “இருக்குதுங்க.”

“பின்னே என்ன, போங்கோ!” தோளைப் பிடித்துத் திருப்பி மேடைக்கே தள்ளிவிட்டார்.

முந்நூறு முகங்கள் காத்திருந்தன. முதல் வரிசையில் தேவராஜ் கண்ணாலேயே மிரட்டினார். மறுபடி சாமி அடியை எடுத்துவிடலாம் என்றுதான் தாண்டவராயன் கையை ஓங்கினான். நாலாவது, நாலாவது என்று நினைத்து நடுங்கிய கை நாலாவதிலேயே போய் விழுந்தது. மும்மூன்றாக.

இரண்டு சுற்று போன பிறகுதான் என்ன அடிக்கிறோம் என்பது அவன் காதுக்கு எட்டியது. பாதியில் நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் அந்த இடத்திலேயே கிளம்பிவிடும். அடித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தான். யாராவது ஏற்கெனவே செத்திருந்தால் தேவலை என்றிருந்தது. மூன்றாவது வரிசையில் வாய் திறந்தபடி சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வைத்தான். அவரும் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டார்.

மண்டபத்தில் சத்தம் அடங்கிவிட்டது. தொடையில் அடித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். கேன்டீனிலிருந்து சிலர் கையில் வடையோடு வந்து வாசலில் நின்றார்கள், கடிக்காமல். அந்த விழாவில் அதுவரை எந்த வித்துவானும் வடையை நிறுத்தியதில்லை.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. பிரமுகர் வந்துவிட்டார். திரை தடதடவென்று இறங்கியது.

“சாமி, இறக்கணுங்க! ஏத்தினதை இறக்கணும்! கொஞ்சம் மண்ணு காட்டுங்க, ஏழே அடிதான்” என்று தாண்டவராயன் செயலாளரின் காலைப் பிடித்தான்.

“மண்ணின் இசைன்னு நோட்டீஸ்ல போட்டா நிஜமாவே மண்ணு கேக்கறீரே! இங்கே எல்லாம் சிமெண்டு. இப்படித் திரும்பி நில்லும்.” செயலாளர் அவன் கழுத்தில் மாலையைப் போட்டார். தோளில் புது வேட்டி ஒன்றைப் போர்த்தினார்.

தாண்டவராயனுக்கு மூச்சு நின்றது. அவன் ஊரில் மாலையும் புதுத்துணியும் ஆம்பிளைக்கு இரண்டு தடவைதான் விழும். முதல் தடவை அவனுக்கு விழுந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலை ரயிலைப் பிடித்திருந்தால் பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்திருக்கலாம். ஆனால் சபைத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வந்திராத நிகழ்ச்சியில் தாம் இருந்ததற்கு ஒரு போட்டோ அவருக்கு வேண்டியிருந்தது. அவர் குளித்து வரப் பதினொரு மணி ஆயிற்று. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, “அசையாதீங்க, மூச்சு விடாதீங்க” என்றார். தாண்டவராயனுக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. அதற்குள் ரயில் போய்விட்டது.

பிற்பகல் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் வீட்டில் இருப்பவர்களை எண்ணினான். பாஞ்சாலி, பூங்கோதை, பெரியம்மாள். அந்த அடி இந்நேரம் எந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கும்? அதற்கு ரயில் வேண்டாம், முடிச்சு வேண்டாம். கதவைத் தட்டினால் யார் போய்த் திறப்பார்கள்? தட்டியது யார் என்று பார்க்க முதலில் ஓடுவது பூங்கோதைதான். அவன் உதடு அசைய ஆரம்பித்தது.

“இன்னாபா முணுமுணுக்கிறே?” என்றார் கலீல்.

“காளியம்மாகிட்ட வேண்டிக்கிறேன் பாய்.”

“இன்னான்னு?”

தாண்டவராயன் வெளியே பார்த்தான். “எங்க அத்தைக்கு வயசாச்சி பாய். அறுவது இருக்கும்.”

கலீலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என் மாமியா ஜெய்புன்னிசாவுக்கு எழுவது. உங்க சாமிக்கு ஆட்சேபணை இல்லைன்னா அதையும் ஒரு வார்த்தை சொல்லி வை.”

தாண்டவராயன் சிரிக்கவில்லை. போன வருஷம் பூங்கோதைக்கு ஜுரம் கண்டு கண் சொருகியபோது, அவனும் பாஞ்சாலியும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் பெரியம்மாள். வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டேதான் ஓடினாள். ஆனாலும் நிற்கவில்லை. அது ஞாபகம் வந்ததும் வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வாங்கியதும் மீதி இரண்டு பேர் கண்முன் நின்றார்கள். பயந்து மறுபடி கொடுத்தான். அரக்கோணத்தில் கொடுத்ததைக் காட்பாடியில் வாங்கினான்; குடியாத்தத்தில் கொடுத்து ஆம்பூரில் வாங்கினான். வாணியம்பாடியில் இறங்கியபோது மாமியார் எந்தக் கணக்கில் இருக்கிறாள் என்பது அவனுக்கே தெரியவில்லை. கடைசி பஸ் போயிருந்தது. மலைமேல் இந்நேரம் மூன்றாவது முடிச்சு அவிழ்ந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஆலங்காயம் போய், தனியாக மலை ஏறினான். உச்சிவெயில் நேரத்தில் ஊற்றுத் திருப்பத்துக்கு வந்து, தண்ணீர் குடிக்கக் குனிந்தான். மேலே ஊர்ப்பக்கமிருந்து மேளம் கேட்டது. சாவு அடி.

அந்த அடி தனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

அங்கேயே உட்கார்ந்தான். கேட்கக் கூடாது என்று காதைப் பொத்தினான்; கேட்காமல் இருக்க முடியாமல் எடுத்தான். மேளம் அடிக்கிறார்கள் என்றால் குழந்தை இல்லை. பூங்கோதை பிழைத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படியானால் பாஞ்சாலியா, பெரியம்மாளா? உற்றுக் கேட்டான். இரண்டிரண்டாக விழவில்லை. மும்மூன்றாக விழுந்தது.

ஆம்பிளை. அவன் வீட்டில் ஆம்பிளை ஒருவன்தான்.

மெதுவாகத் தன் கையைப் பார்த்தான். மாலை, புதுத்துணி, மூச்சு விடாதே என்ற போட்டோக்காரர் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. நிழல் விழுகிறதா என்று பார்த்தான். உச்சிவெயிலில் காலடியில் துளிதான் இருந்தது, அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் தன்னிடம் டிக்கெட் கேட்டாரா? கேட்டார். ஆனால் கண்டக்டர்கள் யாரைத்தான் விடுவார்கள்?

அப்போது இன்னொன்றும் காதில் பட்டது. அடிப்பது, தன்னிடம் மேளம் பழகும் பாஞ்சாலியின் தம்பி கிருஷ்ணன். மூன்றாவது அடியை இழுக்கிறான். எத்தனை தடவை சொல்லியும் கேட்காதவன். செத்தது தானாகவே இருக்கட்டும். அதற்காக இப்படியா அடிப்பது? தாண்டவராயன் எழுந்தான். பயத்தோடுதான் நடந்தான், ஆனால் வேகமாக நடந்தான்.

ஊர்க்கோடியில் குழி வெட்டியிருந்தது. உள்ளே அவனுடைய பழைய கம்பளியைச் சுருட்டி வைத்து, அதன்மேல் முடிச்செல்லாம் அவிழ்ந்த கயிற்றைப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் ஊர். அவனை முதலில் பார்த்தது கிருஷ்ணன். மேளம் கீழே விழுந்தது, அவன் எதிர்த்திசையில் ஓடினான். ஊர் நாட்டாமையைத் தள்ளிக்கொண்டு பின்வாங்கியது கூட்டம். பாஞ்சாலி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கல்லாக நின்றாள்.

பெரியம்மாள் மட்டும் பேத்தியை மகளிடம் கொடுத்துவிட்டு, ஒரு விறகுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அங்கயே நில்லு. உசுரா, ஆவியா?”

“தெரியலீங்க அத்தை.”

கட்டை அவன் முழங்காலில் விழுந்தது. “அய்யோ!” என்று குதித்தான்.

“உசுருதான்” என்று அறிவித்துவிட்டுக் கட்டையைப் போட்டாள். பாஞ்சாலி அதற்குப் பிறகுதான் அழுதாள்.

சந்தோஷம் வெகுநேரம் நிற்கவில்லை. நாட்டாமைக்குத்தான் முதலில் உறைத்தது. “டேய், உனக்குன்னு ஏத்திட்டமேடா! நீ இப்படி வந்து நின்னா இப்போ யாரை வெச்சி இறக்கறது?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊரில் மூத்தவர் நாட்டாமைதான் என்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது, அவருக்கும் வந்தது. தாண்டவராயன் மேளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பட்டணத்தில் தான் ஏற்றிவிட்டு இறக்காமல் வந்ததையும் சொன்னான். அங்கொன்று இங்கொன்று, ஆக இரண்டு அடிகள் இறங்காமல் அலைகின்றன. ஒரு கிழவி மெல்ல வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேசத் துணிந்தது பெரியம்மாள்தான். “இன்னாத்துக்கு முழிக்கிறீங்க? குழியில கம்பளி கெடக்குது. தாண்டவராயன்னு சொல்லித்தானே வெச்சீங்க? ரெண்டும் இவனாலதான் வந்துது. இவனே மண்ணு தள்ளி இவனே இறக்கட்டும். சேதாரம் கம்பளியோட போவட்டும்.”

அதைவிட நல்ல யோசனை யாரிடமும் இல்லை. தாண்டவராயன் தன் குழிக்குத் தானே மண் தள்ளினான். மண்ணை மிதித்து நின்றான். கால் நடுங்கியது, கை நடுங்கவில்லை. ஏழு அடித்தான், ஊர் ஏற்றியதற்கு. இன்னொரு ஏழு அடித்தான், பட்டணத்துக்கு. கடைசி அடி மலைச்சரிவில் இறங்கிப் போய் அடங்கும்வரை ஒருவரும் இமைக்கவில்லை. எதுவும் ஆகவில்லை. பூங்கோதை கை தட்டினாள். தாண்டவராயன் திடுக்கிட்டு ஒதுங்கினான்.

ஒரு மாதம் கழித்து தேவராஜ் ஒரு பத்திரிகைத் துணுக்கைக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். ஜவ்வாது மலைக் கலைஞர் முடிவைச் சொல்லாமலே நிறுத்திய உத்தி, மரண பயத்தை நெஞ்சில் நிறுத்தியது என்று விமர்சகர் எழுதியிருந்தார். சங்கீத விமர்சனத்தில் இவ்வளவு சரியாக ஒன்று அமைவது அபூர்வம்.

அதெல்லாம் பின்னால். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சாவுக்கென்று வடித்த சோற்றையே ஊர் உட்கார்ந்து சாப்பிட்டது. தாண்டவராயன் தன் சாவுச் சோற்றைப் பிசைந்தபடி, “உடம்பு நல்லா இருக்குதுங்களா அத்தை?” என்று கேட்டான். சற்று நேரம் கழித்து, “தலைசுத்தல் எதுனா உண்டுங்களா?” என்றான். பெரியம்மாள் இருமியதும் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். “எட்டு வருசமா என் உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. வழியில இன்னா வேண்டிக்கினே?”

“ஒண்ணும் இல்லீங்க அத்தை.”

“ஒண்ணும் இல்லியா. சரி. கடுக்காய் எடுக்க வெள்ளிக்கெழமை கலீல் பாய் வர்றாரு இல்ல? அவரைக் கேட்டுக்கிறேன்.”

கரடி, இடி, முத்திரை, மைக் எல்லாம் அந்தக் கணத்தில் சின்னதாகிப் போயின. பாஞ்சாலி பக்கத்தில் உட்கார்ந்து, மண் தள்ளுமுன் குழியிலிருந்து எடுத்துவைத்த கயிற்றை வெறுமனே விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தாண்டவராயன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று முடிச்சுகள் இருந்தன.